ஐந்து நிமிடம் என்கிறது அரசு: அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்



2025 மார்ச் தொடக்கத்தில் அமெரிக்கக் குடியுரிமை, குடிவரவுச் சேவைத் துறை ஓர் அறிவிப்பை வெளியிட்டது. கிரீன் கார்டு, குடியுரிமை, அடைக்கலம், பயண அனுமதி உள்ளிட்ட ஒன்பது வகை விண்ணப்பங்களில் மனுதாரரின் சமூக ஊடகக் கணக்குப் பெயர்களையும் கேட்கப் போவதாக அது சொன்னது. ஆண்டுக்கு 35 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டியிருக்கும், ஒருவருக்கு ஆகும் நேரம் 0.08 மணி என்றும் அது கணக்கிட்டிருந்தது. அதாவது ஐந்து நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. எந்தெந்தத் தளத்தில் எப்போது கணக்குத் திறந்தோம், எதை மூடினோம், எந்தப் பெயரில் வைத்திருந்தோம் என்று நினைவுபடுத்தி, தவறினால் விண்ணப்பத்துக்கே ஆபத்து வருமோ என்று வக்கீலிடம் கேட்டு எழுதும் ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதுமா? சட்டப்படி அரசு இந்தக் கேள்வியைப் பொதுமக்களிடமே கேட்டாக வேண்டும், கேட்டும் இருந்தது. பதில் சொல்ல 60 நாள் தந்தது. அதற்குப் பதில் எழுதுவதைத் தமிழ்ச் சங்கங்கள் தங்கள் வழக்கமான வேலைகளில் ஒன்றாக ஏற்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் இந்த ஏற்பாட்டுக்குப் பின்னே நீண்ட வரலாறு உண்டு. போர்க்காலத்தில் அரசுத் துறைகள் ஆளுக்கொரு படிவத்தை அனுப்பித் தொழில் நடத்துவோரைத் திணறடித்தபோது, 1942-இல் கூட்டாட்சி அறிக்கைகள் சட்டம் வந்தது. அது போதவில்லை. 1970-களில் காகிதச் சுமையை ஆராய நாடாளுமன்றம் ஓர் ஆணையம் அமைத்தது. அதன் பரிந்துரைகளைத் தொடர்ந்து, காகிதச் சுமைக் குறைப்புச் சட்டத்தில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1980 டிசம்பரில் கையெழுத்திட்டார். வெள்ளை மாளிகையைச் சேர்ந்த நிர்வாக, வரவுசெலவுத் திட்ட அலுவலகத்துக்குள் (ஓ.எம்.பி.) 'ஓய்ரா' என்ற சிறு பிரிவு இதற்காகவே உருவானது. 1995-இல் சட்டம் மேலும் இறுகியது. இன்றைய விதி இதுதான்: கூட்டாட்சி அரசின் ஒரு துறை பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களிடம் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்க விரும்பினால், முதலில் 'ஃபெடரல் ரெஜிஸ்டர்' என்ற அரசிதழில் அறிவித்து 60 நாள் கருத்துக் கேட்க வேண்டும். பிறகு ஓய்ராவிடம் கோப்பை அனுப்பும்போது இன்னொரு 30 நாள் கருத்துக் கேட்க வேண்டும். ஒப்புதல் கிடைத்தால் ஒரு கட்டுப்பாட்டு எண் தரப்படும். அரசுப் படிவத்தின் மூலையில் ஓ.எம்.பி. என்ற எழுத்துகளோடு பொடியாக அச்சிட்டிருப்பது அந்த எண்தான். அது இல்லாத படிவத்தை நிரப்பாததற்காக யாரையும் தண்டிக்க முடியாது என்கிறது சட்டம். (வரி கட்டாமல் தப்பிக்க இந்த வாசகத்தைப் பிடித்துக்கொண்டவர்களின் வாதத்தை நீதிமன்றங்கள் ஏற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.) ஒப்புதல் அதிகபட்சம் 3 ஆண்டுகளுக்குத்தான். ஆகவே ஒரு முறை கோட்டைவிட்டாலும் அதே படிவம் மறுபடி மக்கள் முன் வந்தே தீரும்.

கருத்துக் கேட்கும்போது 'உங்களுக்கு இது பிடித்திருக்கிறதா' என்று அரசு கேட்பதில்லை. சட்டமே நான்கு கேள்விகளை வகுத்துக் கொடுத்திருக்கிறது. இந்தத் தகவல் அந்தத் துறையின் பணிக்கு உண்மையிலேயே தேவையா, அதற்கு நடைமுறைப் பயன் உண்டா? நேரம், செலவு பற்றிய துறையின் கணக்குச் சரியா? கேள்விகளை இன்னும் தெளிவாகவும் தரமாகவும் கேட்க முடியுமா? நிரப்புபவரின் சுமையை, கணினி வழியாகவோ வேறு வழியாகவோ, குறைக்க முடியுமா? வந்த கருத்துகளுக்குத் துறை என்ன செய்தது என்பதை, ஓய்ராவுக்கு அனுப்பும் விளக்க அறிக்கையில் எழுதியாக வேண்டும். அந்த அறிக்கையின் எட்டாவது கேள்வி அதற்கானதுதான். ஏராளமான படிவங்களின் அறிக்கைகளில் அந்த இடத்தில் இருப்பது ஒரே வரி: கருத்து எதுவும் வரவில்லை. என் வாதம் அந்த வரியிலிருந்துதான் தொடங்குகிறது. படிவத்தின் சுமை என்பது அளந்து அறிய வேண்டிய ஓர் உண்மை. அதை அளக்கும் கருவி அரசிடம் இல்லை, நிரப்புபவரிடம்தான் இருக்கிறது. நிரப்புபவர் பேசாவிட்டால் அரசின் ஊகமே உண்மையாகப் பதிவாகிவிடும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இங்கே தலைவலி நம்முடையது, அதன் அளவை எழுதுவதோ தலைவலி வராதவர்கள்.

ஒரு படிவத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் தேவையா என்று தோன்றலாம். 2015 நிதியாண்டில் கூட்டாட்சி அரசுக்குத் தகவல் தருவதற்காக மக்கள் செலவிட்ட நேரம் கிட்டத்தட்ட 980 கோடி மணி என்று அரசே மதிப்பிட்டது. அதில் மிகப் பெரும் பங்கு வருமான வரித் துறையுடையது. ஆனால் மொத்த நேரத்தைவிட அந்தச் சுமை யாருடைய வாழ்க்கையில் என்ன செய்கிறது என்பதே பெரிய விஷயம். ஆர்கன்சா மாநிலம் 2018-இல் ஏழைகளுக்கான மெடிகெய்ட் மருத்துவக் காப்பீட்டைத் தொடர ஒரு நிபந்தனை விதித்தது: மாதம் 80 மணி நேரம் வேலை செய்வதாக மாதாமாதம் இணையத்தில் பதிய வேண்டும். அந்த இணையதளம் இரவில் மூடப்பட்டிருந்தது. சில மாதங்களுக்குள் 18,000-க்கும் அதிகமானோர் காப்பீட்டை இழந்தார்கள். பின்னர் ஆய்வாளர்கள் விசாரித்தபோது, இலக்கு வைக்கப்பட்டவர்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அல்லது விலக்குக்குத் தகுதியுள்ளவர்கள் என்று தெரிந்தது. தகுதி இருந்தது, பதிவுதான் இல்லை. 2019 மார்ச்சில் நீதிமன்றம் அந்தத் திட்டத்தை நிறுத்தியது. அது ஒரு மாநில அரசின் செயல்தான். காட்டும் பாடமோ எல்லாப் படிவங்களுக்கும் பொது. சட்டம் தரும் உரிமையைப் படிவம் சத்தமில்லாமல் திரும்ப வாங்கிக்கொள்ள முடியும். பமேலா ஹெர்ட், டொனால்ட் மொய்னிஹன் ஆகிய இரு அறிஞர்கள் 2018-இல் எழுதிய நூலில் இந்தச் சுமையை மூன்றாகப் பிரித்தார்கள்: என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ளும் சுமை, அதைச் செய்து முடிக்கும் சுமை, மனத்தை அரிக்கும் சுமை. அரசின் மணிக்கணக்கு பெரும்பாலும் இரண்டாவதோடு நின்றுவிடுகிறது.

நம்மவர்களின் சுமைக்கு நமக்கே உரிய முகம் உண்டு. அதை வேறு எவரும் எடுத்துச் சொல்லப் போவதில்லை. பெயரையே பாருங்கள். தமிழரில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும்தான். இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயர் குடும்பப் பெயராக ஏறிவிடும். சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், முதற்பெயர் தெரியாது என்று பொருள்படும் 'எஃப்.என்.யு.' என்ற மூன்றெழுத்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு சமூகப் பாதுகாப்பு அட்டை, ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, பட்டச் சான்றிதழ் ஒவ்வொன்றிலும் பெயர் ஒவ்வொரு விதமாக இருக்கும்; ஒவ்வொன்றையும் சரிசெய்ய ஒரு படிவம், ஒரு நடை. 2019 இறுதியிலிருந்து 2020 டிசம்பர் வரை குடிவரவுத் துறை இன்னொரு படி மேலே போனது. அடைக்கல விண்ணப்பத்திலும், குற்றங்களால் பாதிக்கப்பட்டோருக்கான விசா விண்ணப்பத்திலும் ஏதேனும் ஒரு கட்டம் காலியாக இருந்தால் விண்ணப்பத்தையே திருப்பி அனுப்பியது. நடுப்பெயர் இல்லாதவர் நடுப்பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டதற்குக்கூட விண்ணப்பம் திரும்பி வந்தது. வழக்குத் தொடுத்த பிறகே அந்த வழக்கம் நின்றது. 'நடுப்பெயர்' என்ற கட்டத்தின் சுமை ஒரு வினாடிதானே என்று கணக்குப் போட்டவருக்கு, அது இல்லாத பெயர் மரபுகள் உலகில் உண்டு என்று யாராவது முன்பே எழுதியிருக்க வேண்டும்.

ஆவணங்களின் கதையும் இப்படித்தான். இந்தியாவில் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல்தான் வந்தது. அதற்கு முன் கிராமத்தில் பிறந்த பெற்றோருக்குப் பல வேளைகளில் பிறப்புச் சான்றிதழே இருக்காது. இருந்தாலும் அதில் குழந்தையின் பெயர் இருக்காது. சான்றிதழ் கிடைக்கவில்லை என்பதற்கே ஒரு சான்றிதழ் வாங்கி, உறவினரின் உறுதிமொழிப் பத்திரங்களையும் சேர்க்க வேண்டும். தமிழில் உள்ள ஒவ்வொரு தாளுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் தேவை. போரில் வீட்டோடு தாள்களையும் இழந்த ஈழத்தமிழர் எதைத் தேடிக் கொண்டுவருவார்? இதெல்லாம் 'சுமை'யில் சேருமா என்றால், சேரும். வழிமுறையைப் படிப்பது, தகவலைத் தேடுவது, திரட்டுவது, சரிபார்ப்பது, அனுப்புவது எல்லாமே சுமை என்றுதான் சட்டம் வரையறுத்திருக்கிறது. 2018-இல் விசா விண்ணப்பமான டி.எஸ்-160 படிவத்துக்கு வெளியுறவுத் துறை போட்ட கணக்கு, ஒருவருக்கு 90 நிமிடம். ஆண்டுக்கு 1 கோடியே 40 லட்சம் பேர், மொத்தம் 2 கோடியே 10 லட்சம் மணி நேரம். பேரப்பிள்ளையைப் பார்க்க வருவதற்காகத் திருநெல்வேலியில் இருக்கும் பாட்டி, மகளைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு நிரப்பும் அதே படிவம்தான் இது. அந்த 90 நிமிடத்தில் மகளின் நேரமும் இடைத்தரகரின் கட்டணமும் அடங்கியிருக்கின்றனவா என்று யாரேனும் கேட்க வேண்டாமா?

வரிப் படிவங்களிலும் நம் அனுபவத்துக்கு இடம் உண்டு. அமெரிக்காவில் வரி செலுத்துபவருக்கு வெளிநாட்டில் உள்ள கணக்குகளின் மொத்தம் ஆண்டில் ஒரு நாளேனும் 10,000 டாலரைத் தாண்டினால், கருவூலத்துக்கு எஃப்பார் எனும் அறிக்கை தர வேண்டும். தொகை இன்னும் பெரிதானால் வருமான வரித் துறைக்கு 8938 என்ற தனிப் படிவமும் உண்டு. அப்பாவோடு கூட்டாக வைத்திருக்கும் சேமிப்புக் கணக்கு, பழைய வேலையின் வருங்கால வைப்பு நிதி, ஊரில் போட்ட நிரந்தர வைப்பு என்று ஒரே விவரத்தை இரண்டு இடத்தில், இரண்டு விதமான விதிப்படி எழுத வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று மேற்படிவதை நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பே 2012-இல் சுட்டிக்காட்டியது. தேவையில்லாமல் ஒரே தகவலை இருமுறை கேட்கக் கூடாது என்பது காகிதச் சுமைச் சட்டத்தின் வெளிப்படையான நிபந்தனை. ஆகவே 'இரண்டையும் நிரப்ப எங்கள் உறுப்பினர்களுக்கு இவ்வளவு நேரம், இவ்வளவு கணக்காளர் கட்டணம்' என்று ஒரு சங்கம் எழுதினால், அதைச் சட்டம் கேட்கச் சொன்ன சான்றாகவே துறை எடுத்துக்கொண்டாக வேண்டும்.

'எழுதி என்ன ஆகப் போகிறது, முடிவை முன்பே எடுத்துவிட்டுத்தானே கேட்கிறார்கள்' என்பது நான் எதிர்பார்க்கும் முதல் மறுப்பு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. அரசு உதவியை நாடக்கூடியவர் என்று கருதப்படுவோருக்குக் கிரீன் கார்டு மறுக்கும் விதியை 2018-இல் முன்மொழிந்தபோது 2,66,077 கருத்துகள் குவிந்தன. பெரும்பாலானவை எதிர்ப்புதான். ஆனாலும் மறு ஆண்டு விதி வந்தது, அதோடு ஐ-944 என்ற பெரிய படிவமும் வந்தது. 2021-இல்தான் இரண்டும் போயின. டி.எஸ்-160 படிவத்தில் ஐந்தாண்டுச் சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்பதற்கு எதிராகவும் ஆயிரக்கணக்கில் எழுதினார்கள். 2019 மே மாதம் முதல் அந்தக் கேள்வி படிவத்தில் இருக்கிறது. எண்ணிக்கை அதிகாரத்தை அசைக்காது என்பதற்கு இவை சாட்சி. எண்ணிக்கையே சில நேரம் கேலிக்கூத்தாகவும் முடியும். இணையச் சமநிலை பற்றி 2017-இல் தொலைத்தொடர்பு ஆணையத்துக்கு வந்த 2 கோடியே 20 லட்சம் கருத்துகளில் கிட்டத்தட்ட 1 கோடியே 80 லட்சம் போலி என்று நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2021-இல் கண்டறிந்தார்.

ஆனால் இதே காலத்தில் வேறு இரண்டும் நடந்தன. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை தன் குடிவரவு, பயணப் படிவங்களில் சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்க 2019-இல் முன்மொழிந்தது. 2021 ஏப்ரலில் ஓய்ரா அதை ஏற்க மறுத்தது. இந்தத் தகவலின் நடைமுறைப் பயனைத் துறை போதிய அளவில் நிறுவவில்லை என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. நான்கு கேள்விகளில் முதல் கேள்விதான் அங்கே வென்றது. இன்னொன்று நம் வீட்டு முதியவர்களைத் தொடுவது. உடல் அல்லது மனக் குறைபாட்டால் ஆங்கிலத் தேர்வும் குடிமைத் தேர்வும் எழுத முடியாதவர்கள் விலக்குக் கேட்க, மருத்துவர் நிரப்பித் தரும் படிவம் என்-648. 2021-இல் குடிவரவுத் துறை தன் நடைமுறைகளில் எங்கெங்கே தடைகள் இருக்கின்றன என்று மக்களிடம் கேட்டது. 2022 அக்டோபரில் அந்தப் படிவத்தைச் சுருக்கி, ஒரே விஷயத்தைத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் பயனற்றுப்போன கேள்விகளையும் நீக்கியது. அதற்குப் பொதுமக்களின் கருத்துகளைக் காரணமாகவும் சொன்னது. ஆட்சி மாறியதும் இவற்றில் பங்காற்றியது உண்மை. அதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. ஆனால் காற்று மாறும் நாளில் கோப்பில் சான்று இருந்தால்தான் அதைப் பயன்படுத்த முடியும். அன்றைக்கு உட்கார்ந்து எழுதத் தொடங்கினால் நேரம் போதாது. நீதிமன்றத்துக்குப் போகிறவர்களும் அந்தக் கோப்பைத்தான் புரட்டுவார்கள். ஆகவே ஒரே கடிதத்தை ஆயிரம் பேர் நகல் எடுத்து அனுப்புவதைவிட, நூறு பேரின் உண்மையான நேரக் கணக்கைத் தொகுத்த ஒரு கடிதம் மேல்.

இரண்டாவது மறுப்பு அச்சம். விசாவில் இருப்பவரும் கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவரும் அரசைப் பற்றி எழுதித் தங்கள் பெயரை வெளியே விட வேண்டுமா? இன்றைய சூழலில் இந்த அச்சத்தைக் கோழைத்தனம் என்று தள்ள எனக்கு மனமில்லை. கருத்துச் சொல்லக் குடியுரிமை தேவையில்லை என்பது விதி. அதே நேரம் அனுப்பும் கருத்துகள் பெரும்பாலும் அப்படியே பொதுவெளியில் பதிவாகும் என்பதும் விதி. எச்-1பி வேலை விசா ஒப்புதல்களில் பத்தில் ஏழுக்கும் மேல் இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் போகிறது; அந்தப் படிவங்களின் சுமையை நன்கு அறிந்தவர்களே அதைச் சொல்லத் தயங்கும் இடத்தில் இருக்கிறார்கள். தனி மனிதர் பேச அஞ்சும் இடத்தில் பேசுவதற்குத்தானே அமைப்பு என்று ஒன்று வேண்டும்? உறுப்பினரின் பெயர், விண்ணப்ப எண், ஊர் எதுவும் இல்லாமல், 'எங்கள் உறுப்பினர்களில் இத்தனை பேரைக் கேட்டோம், இந்தக் கேள்விக்குச் சராசரியாக இவ்வளவு நேரம் ஆனது, இத்தனை பேருக்கு வக்கீல் தேவைப்பட்டார்' என்று சங்கத்தின் பெயரில் எழுதலாம். சான்றின் வலிமை குறையாது, ஆளுக்கும் ஆபத்தில்லை.

'நாங்கள் பொங்கல் விழாவும் தமிழ்ப் பள்ளியும் நடத்துகிறவர்கள், அரசியல் எங்களுக்கு எதற்கு. வரிவிலக்குப் போய்விடாதா' என்பது மூன்றாவது. சங்கங்களில் பெரும்பாலானவை 501(சி)(3) பிரிவின் கீழ் பதிவானவை. அந்தப் பிரிவு தேர்தல் வேட்பாளரை ஆதரிப்பதைத் தடைசெய்கிறது, சட்டமியற்றலில் செல்வாக்குச் செலுத்துவதற்கு வரம்பு விதிக்கிறது. ஆனால் நிர்வாகத் துறைகளின் விதிகளுக்கும் படிவங்களுக்கும் கருத்துச் சொல்வது அந்தச் சட்டமியற்றல் வரம்புக்குள் வராது. ஐயமிருந்தால் உங்கள் கணக்காளரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளலாம். படிவத்தில் நடுப்பெயர்க் கட்டத்தைக் கட்டாயமாக்காதீர்கள் என்று சொல்வதில் எந்தக் கட்சியின் கொடியும் இல்லை.

நான்காவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது, எனக்கு மிகவும் கனமானதாகப் படுவதும் அதுதான். அரசுக்குத் தகவல் வேண்டாமா? கேள்விகளைக் குறை என்று கத்திக் கத்தி, நமக்கு நன்மை தரும் கேள்விகளையும் இழந்துவிட்டால்? அமெரிக்காவில் எத்தனை வீடுகளில் தமிழ் பேசுகிறார்கள் என்று நமக்குத் தெரிவதே, அமெரிக்கச் சமுதாயக் கணக்கெடுப்பில் வீட்டு மொழியைக் கேட்கும் ஒரு கேள்வியால்தான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 59 மொழிகளில் தந்த வழிகாட்டிகளில் தமிழும் இருந்ததற்குப் பின்னே அத்தகைய எண்கள் இருக்கின்றன. அந்தச் சமுதாயக் கணக்கெடுப்பும் நிரப்புபவருக்குச் சுமைதான். அதே சட்டத்தின் கீழ் அதே ஒப்புதலைப் பெறுவதுதான். இங்கே சட்டம் வகுத்த கேள்விகளின் அருமை புரியும். அவை 'வேண்டாம்' என்று மட்டும் சொல்லக் கேட்பவை அல்ல. பயனுள்ளதா, தெளிவானதா என்றும் கேட்பவை. இனம், வம்சாவளி பற்றிக் கேட்கும் முறையைத் திருத்த 2023-இல் கருத்துக் கேட்டபோது 20,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன. 2024 மார்ச்சில் வெளியான புதிய தரவிதி, மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குத் தனி வகை தந்தது. பல ஆண்டுகளாக அவர்களின் அமைப்புகள் ஆதாரத்தோடு வாதாடியதன் பலன் அது. அதே தரவிதியில் ஆசியர் என்பதன் கீழ் இந்தியர் உள்ளிட்ட ஆறு குழுக்களுக்குத் தனிக் கட்டம் உண்டு, இலங்கையருக்கு இல்லை. அவர்கள் கைப்பட எழுத வேண்டும். இங்கே ஈழத்தமிழர் கூடுதல் விவரம் கேளுங்கள் என்று வாதிடலாம். குடிவரவுப் படிவத்தில் குறைத்துக் கேளுங்கள் என்று வாதிடலாம். இரண்டும் முரண் அல்ல. பயனுக்கும் சுமைக்கும் உள்ள விகிதத்தைக் கேட்பதே இரண்டு இடத்திலும் வேலை. பாதுகாப்புக்காகத் தகவல் தேவை என்று சொல்லும் துறைக்கும் இதே அளவுகோல்தான்: என்ன பயன் கிடைத்தது என்று காட்டட்டும்.

இந்தச் சட்டமே ஒரு காகிதச் சுமை என்பாரும் உண்டு. பத்துப் பேரிடம் ஒரு கேள்வி கேட்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பதால், படிவத்தை எளிமையாக்க நினைக்கும் நல்ல அதிகாரிகூட மக்களிடம் சோதித்துப் பார்க்கத் தயங்குகிறார் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் வாடிக்கையாளர் கருத்தறியும் சிறு ஆய்வுகளுக்கு விரைவு ஒப்புதல் வழி பிறகு ஏற்பட்டது. குற்ற விசாரணை, உளவுப் பணி போன்றவை சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. அவசரம் என்று காரணம் காட்டி ஆறு மாதம் வரை வழக்கமான அவகாசம் தராமலே ஒப்புதல் பெறவும் வழி உண்டு. ஓட்டை உள்ள சட்டம்தான். ஆனால் அரசு கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் சொல்லியாக வேண்டும், அந்தக் காரணத்தைக் குடிமகனும் குடியேறியவரும் சோதிக்கலாம் என்ற கொள்கையை எழுத்தில் வைத்திருக்கிற சட்டங்கள் உலகில் அதிகம் இல்லை. ஓட்டையைக் காட்டிக் கதவையே கைவிட வேண்டியதில்லை.

இனி என் வேண்டுகோள். ஒவ்வொரு சங்கமும், இயலாவிட்டால் அண்டை மாநிலச் சங்கங்கள் இரண்டு மூன்று சேர்ந்து, ஒரு சிறு குழு அமைக்க வேண்டும். குடிவரவு வக்கீல் ஒருவர், கணக்காளர் ஒருவர், பெற்றோருக்கு விண்ணப்பம் நிரப்பிய அனுபவம் உள்ள இரண்டு மூன்று பேர் போதும். வாரம் ஒரு முறை ஃபெடரல் ரெஜிஸ்டரில் குடிவரவு, வெளியுறவு, வரி, மக்கள்தொகை ஆகிய துறைகளின் அறிவிப்புகளைப் பார்ப்பது அவர்கள் முதல் வேலை. நம் மக்களைத் தொடும் படிவம் வந்தால், அதை அண்மையில் நிரப்பியவர்களிடம் தமிழிலேயே நான்கு விவரம் கேட்டு வாங்குவது அடுத்தது: மொத்தம் எவ்வளவு நேரம், எவ்வளவு பணம், எந்தக் கேள்வி புரியவில்லை, எந்த ஆவணம் கிடைக்கவில்லை. பெயர் வேண்டாம். அதை இரண்டு பக்க ஆங்கிலக் கடிதமாக்கி, சட்டத்தின் நான்கு கேள்விகளின் வரிசையிலேயே அடுக்கி, 60 நாளுக்குள் துறைக்கு அனுப்ப வேண்டும். பிறகு 30 நாள் கட்டத்தில் துறையின் விளக்க அறிக்கையை எடுத்து, நம் கருத்துக்கு என்ன பதில் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து, பதில் மழுப்பலாக இருந்தால் ஓய்ராவுக்கே நேராக எழுத வேண்டும். பலரும் செய்யாமல் விடுவது இந்த இரண்டாவது கட்டம்தான். ஒப்புதல் தருபவரின் கை அப்போதுதான் பேனாவை எடுத்திருக்கும்.

வெறுப்பும் வேண்டாம், வேண்டுதலும் வேண்டாம். 'ஐந்து நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் உறுப்பினர்களுக்கு ஆனது இவ்வளவு, காரணம் இவை, இப்படி மாற்றினால் குறையும்' என்று எழுதுங்கள். எல்லாக் கடிதமும் வெல்லாது. ஆனால் அந்த எட்டாவது கேள்விக்குக் கீழே 'கருத்து எதுவும் வரவில்லை' என்று எழுதத் துறையால் முடியாது. சங்கம் சொன்னதைச் சுருக்கி, ஏற்றோம் அல்லது இன்ன காரணத்தால் ஏற்கவில்லை என்று எழுத வேண்டியிருக்கும். அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து, இந்த ஆண்டு ஒரே ஒரு படிவத்தையாவது தேர்ந்தெடுங்கள். பெற்றோரின் விசா விண்ணப்பத்திலிருந்து தொடங்கலாம்; அதை நிரப்பிய அனுபவம் இல்லாத வீடு உங்கள் உறுப்பினர் பட்டியலில் அதிகம் இருக்காது.

அன்புடன்,
உங்கள் பதிலை எதிர்நோக்கும் ஒரு தமிழ் எழுத்தாளர்